அழைப்பவருக்குக் கட்டணம் இல்லை

"கேக்கிறவன் காசு குடுக்கிறதெண்டால், கதைக்கிறவன்..." என்று என் பெரியையா ஏதோ சொல்லுவார். தந்திக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். அந்த வசனம் "நீட்டுவான்" என்று முடிந்ததா, "சுருக்குவான்" என்று முடிந்ததா என்பதுதான் எனக்கு நினைவில்லை. கூப்பிடுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரிடம் காசு வாங்குகிற தொழிலை இரண்டு நாடுகளில் செய்து பார்த்தவன் நான். அந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் நான் மறந்துபோன அந்த ஒரு சொல்லிலேதான் இருக்கிறது. ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ள வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

லண்டனில் ஒரு தொலைபேசி நிலையத்தில் இருபத்துமூன்று வருடம் வேலை செய்தேன். அங்கே வியாபாரிகள் எங்களிடம் ஒரு பெயரைப் பதிந்து வைப்பார்கள். நீங்கள் எங்களுக்கு அடித்து அந்தப் பெயரைச் சொன்னால் நாங்கள் இணைத்துவிடுவோம். கட்டணம் வியாபாரிக்கு. மெத்தை வாங்கப் போகிறவர், காப்புறுதி கேட்கிறவர், வீட்டில் பேச ஆளில்லாதவர் எல்லோரும் அடிப்பார்கள். எண்பதுகளின் நடுவில் அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. என் கையில் கொஞ்சம் பணத்தை வைத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். அங்கே இயந்திரத்திடம் பறிகொடுத்ததை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கையால் செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. நாற்பத்தேழு வயதில் வரக்கூடாத யோசனை.

மனைவி மலர் மகளின் படிப்பைச் சொல்லி லண்டனிலேயே நின்றுகொண்டு எனக்கு ஒரு வருடம் தந்தாள். விமான நிலையத்தில் வைத்து ஒப்பந்தம் பேசினாள். ஒவ்வொரு ஞாயிறும் இலங்கை நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு அடிப்பாள். மணி இரண்டு தரம் அடித்ததும் வைத்துவிடுவாள். அங்கே எல்லோரும் சுகம் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. வருடம் முடிந்து தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மட்டும் விடாமல் அடிப்பாள். "எடுத்தியள் எண்டால் திரும்பி வாறியள், ரிக்கற் போடுவன். எடுக்காட்டில் அங்கைதான் இருக்கப் போறியள். ஒருக்காத்தான் அடிப்பன்." லண்டனில் இத்தனை காலம் இருந்தும் அவள் சாவகச்சேரிப் பெண்தான். மறுமொழியும் வரவேண்டும், காசும் போகக்கூடாது.

சைக்கிள் ரியூப்

சுன்னாகம் சந்தைக்கு எதிரே ஓர் எண்ணெய்க் கடையின் மேல்மாடியில் அறை எடுத்தேன். இரண்டு ரெலிபோன் இணைப்பு. ஒன்று ஊர்களிலிருந்து வருகிற அழைப்பை எடுக்க, மற்றது சந்தாக்காரருக்கு அடிக்க. சுற்றுவட்டாரத்தில் ரெலிபோன் உள்ள மருந்துக்கடை, சங்கக்கடை, உபதபாற்கந்தோர் என்று பன்னிரண்டு இடங்களில் "அழைப்பவருக்குக் கட்டணம் இல்லை" என்று பலகை தொங்கவிட்டேன். அந்த இடத்துக்காரருக்கு நான் ஏதும் கொடுப்பேன், எனக்குச் சந்தாக்காரர் கொடுப்பார். வெங்காயம் விளைவிக்கிற தோட்டக்காரர் வாயை மட்டும் கொண்டுவந்தால் போதும். சந்தாக்காரர்களில் முதலாவது, வெங்காயம் மொத்தமாக வாங்கி லொறியில் ஏற்றுகிற கந்தப்பு முதலாளி. இரண்டாவது, தண்ணீர் இறைக்கிற மிஷின் திருத்துகிற செல்லையா பாஸ். மூன்றாவது, ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரர்.

வருகிற அழைப்பையும் போகிற அழைப்பையும் இணைப்பதற்கென்று லண்டனிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தேன். முதல் நாள் காலை பத்து மணிக்கு அதிலிருந்து புகை வந்தது. வேலைக்கு வைத்திருந்த புவனம் யன்னலைத் திறந்துவிட்டுக் கீழே போனாள். முப்பது வயது, தட்டெழுத்துப் படித்தவள், அதிகம் கதைக்காதவள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய சைக்கிள் ரியூப். அதைக் கத்தரிக்கோலால் நாடாவாக வெட்டினாள். இரண்டு ரிசீவரையும் தலைமாடு கால்மாடாக வைத்து, இதன் வாய் அதன் காதிலும் அதன் வாய் இதன் காதிலும் படும்படி இறுக்கிக் கட்டினாள். ஒலி எவ்வளவு குறையும், அதிர்வு எப்படிப் போகும் என்றெல்லாம் நான் அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஒரு வாய்க்கு ஒரு காது, அண்ணை. இதுக்கேன் லண்டன்?"

ஐந்து மைல் மரியாதை

முதல் மூன்று கிழமையும் ஒருவரும் அடிக்கவில்லை. ரியூப் நாடா மேசையில் சுருண்டு கிடந்தது. கந்தப்பு முதலாளி பின்னேரங்களில் கீழே தெருவில் நின்று, லண்டன் தம்பியின் மணிக்கு நாக்கு இருக்கிறதா என்று பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார். சந்தையில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் ஆறுமுகத்தார் வந்தார். வட்டுக்கோட்டைத் தோட்டக்காரர், எழுபதை நெருங்கியவர். நான் பலகை தொங்கவிட்ட மருந்துக்கடை அவர் வீட்டிலிருந்து இரண்டு வேலி தள்ளித்தான். அந்தப் பலகைக்குக் கீழாலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஐந்து மைல் வந்து, கந்தப்புவிடம் வெங்காயம் என்ன விலை என்று கேட்டுவிட்டு, ஐந்து மைல் திரும்பிப் போகிறவர் அவர். வழியில் சந்தித்து, ஏன் இந்த வெயிலில் அலைகிறீர்கள், அங்கிருந்தே சும்மா அடித்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். அது கொஞ்சம் நீளமான விஷயம் என்று அப்போதே தெரிந்தது.

அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு ஆளின் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தால் அந்த ஆளோடு அன்றைக்குச் சண்டை பிடிக்க முடியாது. ரெலிபோனும் அப்படித்தான். நான் லண்டனில் இருபத்துமூன்று வருடத்தில் கேட்காத நியாயம். பெரியையா சொன்னது நீட்டுவானோ சுருக்குவானோ, இங்கே கதைக்கிறவன் வாயே திறக்க மாட்டான் போலிருந்தது. போகும்போது ஆறுமுகத்தார் பரிதாபப்பட்டு என் தோளில் தட்டினார். "தம்பி, அவரின்ரை காசிலை நான் கதைச்சால், நாளைக்கு அவர் விலையைக் குறைக்கேக்கை என்னெண்டு நான் வாய் திறக்கிறது?"

எட்டாம் இலக்கம்

சந்தாக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அடிக்கிறவர் "ஒன்று" என்றால் கந்தப்பு, மற்ற இலக்கமென்றால் இன்னார் என்று புவனம் இணைப்பாள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை சுவரில் சோக்கட்டியால் எழுதினேன். மறுநாளே பூச்சிமருந்துக் கடைக்காரர் சாத்திரியார் ஒருவரோடு வந்தார். அவருடைய பிறந்த திகதிக்கு ஐந்து, ஆறு, ஒன்பது மூன்றும் பொருந்துமாம். மூன்றையும் தனக்கே எழுதச் சொன்னார். ஒரு கடைக்கு ஏன் மூன்று என்றேன். ஒன்றில் கதைப்பாராம், மற்ற இரண்டையும் எதிர்க்கடைக்காரனுக்குக் கிடைக்காமல் வைத்திருப்பாராம். லண்டனில் பெரிய கொம்பனிகள் செய்கிற வேலை இது. அங்கே இதைத் தடுப்பதற்குக் குழு போட்டு, தேத்தண்ணீர் குடித்து, அறிக்கை எழுதினோம். இங்கே புவனம் ஈரத்துணியால் ஆறையும் ஒன்பதையும் அழித்தாள்.

எட்டைப் பற்றிக் கேட்கவே ஆளில்லை. சனியன் இலக்கம் என்று எல்லோரும் சுவரின் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கடைசியில் செல்லையா பாஸ் எண்ணெய்க் கையோடு வந்து எட்டைத் தனக்குத் தரச் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டும் நாலும் சும்மாதான் கிடக்கிறது, அவற்றில் ஒன்றைத் தரலாம் என்றேன். அவர் சிரித்தார். "மிஷின் நிண்டவன்தான் எனக்கு அடிப்பான். நல்ல நேரத்திலை ஆர் என்னைத் தேடுறது?"

சீதனத்தில் ஓர் இலக்கம்

ஆவணியில் கந்தப்பு முதலாளியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. சீதன உறுதி எழுத என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சாட்சிக் கையெழுத்துக்காக்கும் என்று போனேன். உறுதி எழுதுகிற நொத்தாரிசு வாசித்தார்: வீடு வளவு, கடையில் பாதி, தோட்டத்துக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை, சுன்னாகம் இலவசத் தொலைபேசியில் இலக்கம் ஒன்று. நான் இருமினேன். அந்த இலக்கம் முதலாளியுடையதல்ல, உண்மையில் யாருடையதும் அல்ல, அது என் அறைச் சுவரில் சோக்கட்டியால் எழுதியது, மழை பெய்தால் ஊறுகிற சுவர் அது என்றெல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை பகுதியின் முகம் மாறியது. ஒன்றாம் இலக்கம் இல்லையென்றால் யோசிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலையைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

இலக்கத்துக்கு யார் சொந்தக்காரர், கடை கைமாறினால் இலக்கமும் கூடப்போகலாமா என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் தீராத வழக்கு. ஐந்து நிமிடத்தில் அதைத் தீர்த்த ஒரே ஆள் அந்த நொத்தாரிசுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "கிணத்துத் தண்ணி ஆருடையது? ஆருடையதும் இல்லை. ஆனால் பங்கு எழுதுறம் எல்லே? கையெழுத்தை வையுங்கோ."

நான் வைத்தேன். கலியாணத்துக்குப் பிறகு ஒன்றாம் இலக்கம் கேட்கிறவர்களிடம் புவனம் மாமனாரா மருமகனா என்று கேட்டுத்தான் இணைக்க வேண்டியிருந்தது. யாராவது அடித்தால், அதாவது.

சட்டத்தில் இல்லாத மணி

தொலைத்தொடர்புத் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சைக்கிள் ரியூப் செய்தி அங்கே எட்டியிருக்கிறது. மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், கட்டியிருந்த ரிசீவர்களைத் தொடாமல் குனிந்து பார்த்தார், பிறகு ஒரு கட்டுச் சுற்றறிக்கையை எடுத்தார். அவை ஆங்கிலத்தில் இருந்தன. வட்டுக்கோட்டையில் இரண்டு மொழியிலும் அடிவாங்கிப் படித்தவன் என்பதால் அவருக்காக நானே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். திணைக்களத்தின் கருவியில் அந்நியக் கருவி பூட்டக்கூடாது என்று ஒரு விதி. நாங்கள் ஒன்றும் பூட்டவில்லை, இரண்டும் திணைக்களத்தின் கருவிதான், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கிறது. அழைப்புக்குக் கட்டணம் அழைப்பவரே கொடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. கொடுக்கிறார்கள்தான், மருந்துக்கடைக்காரர் கொடுக்கிறார், பிறகு அவருக்கு நான் கொடுக்கிறேன். இலவச அழைப்பு என்ற சொல்லே அந்தக் கட்டில் எங்கும் இல்லை.

நல்ல மனிதர். போகிறபோது மூன்றாவது இணைப்புக்கு ஒரு படிவமும் தந்தார். ஓர் அழைப்பு நடக்கும்போது இரண்டு போனும் கட்டுண்டு கிடப்பதால், அடுத்து அடிக்கிறவருக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். மூன்றாவது இருந்தால் அந்தக் கரைச்சல் குறையும். படிவத்தில் எல்லாம் நிரப்பலாம், ஒரே ஒரு இடம்தான் இடித்தது: மூன்று வருடத்துக்கு இந்த விலாசத்திலேயே இருப்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். என் ஒரு வருடத்தில் அப்போது எட்டு மாதம் போயிருந்தது. படிவத்தை மேசை லாச்சியில் போட்டேன். அதிகாரி தன் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து பேனையைப் பிடித்தார். "பிழையெண்டு எழுதவும் சட்டம் இல்லை, சரியெண்டு எழுதவும் சட்டம் இல்லை. நான் இஞ்சை வரேல்லையெண்டு எழுதிறன்."

காயாத வெங்காயம்

புரட்டாதிக்குப் பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் புவனம் கையைக் கொண்டுபோவதற்குள் நின்றுவிடும். ஒரு மணி, நிறுத்தம். பிறகு இரண்டு மணி, நிறுத்தம். இணைப்பில் ஏதோ பழுது என்று நான் கம்பியைத் துடைத்தேன். புவனம் ஒரு கொப்பியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள். ஒரு கிழமையில் விஷயம் வெளித்தது. தோட்டக்காரர்கள் தங்களுக்குள் ஒரு நேர அட்டவணை போட்டிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு மருதனார்மடம், எட்டே காலுக்கு உடுவில், அதன்பிறகு மற்ற ஊர்கள். ஒரு மணி அடித்தால் வெங்காயம் காய்ந்து பிடி கட்டியாயிற்று, லொறி அனுப்பு. இரண்டு மணி என்றால் இன்னும் காயவில்லை. மூன்று என்றால் மழை. நாங்கள் எடுக்காதவரை எவருக்கும் காசில்லை. ஆகவே எவருக்கும் எவரும் கடமைப்படவும் இல்லை. கந்தப்பு காலையில் படியேறி வந்து, புவனத்திடம் மணிக்கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்குவார். என் சேவையைக் காசில்லாமல் பாவிக்க வழி கண்டுபிடித்ததோடு, என்னையே அதற்குக் காவலும் வைத்துவிட்டார்கள். கோபப்படவும் முடியவில்லை. அந்த வித்தையை மலரிடமிருந்து நானும் தெரிந்து வைத்திருந்தேனே.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மூன்று மணிக்கு ரெலிபோன் இரண்டு தரம் அடித்து நின்றது. சுகம். நான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். இரண்டு கிழமை கழித்து மலரின் கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் குடல்வாலில் வலி வந்து, ஞாயிறு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறாள். சத்திரசிகிச்சை முடிந்து பிள்ளை இப்போது நலம். மூன்று மணிக்கு மணி வராதபடியால் நீங்கள் அங்கே துடித்திருப்பீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்துவிட்டுப் புவனத்திடம் கொடுத்தேன். அவள் கொப்பியைப் புரட்டி அந்த ஞாயிறைத் தேடினாள். உடுவிலுக்கு அன்று காலையில் குறிப்பு இல்லை; அங்கே கோயிலில் விசேஷம், காலைக்குப் பதிலாகப் பின்னேரம் அடித்திருக்கிறார்கள். கொப்பியை மூடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா அடிக்கேல்லை, அண்ணை. உடுவிலிலை வெங்காயம் காயேல்லை."

பாதை

மாரி தொடங்கியபோது நாடும் கெட்டுக்கொண்டு வந்தது. ஒருநாள் பஸ் ஓடும், மறுநாள் ஓடாது. காலையில் போன வழியால் பின்னேரம் திரும்ப முடியாது. எண்ணெய்க் கடை வாசலில்தான் லொறிக்காரர் கூடுவார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பது வானொலிக்கு முன்னமே அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து யாரோ அடித்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். புவனம் யன்னலால் எட்டிக் கீழே கேட்டு, மானிப்பாய்ப் பக்கத்தால் போகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் பதினாறு பேர் அடித்தார்கள். அடுத்த கிழமை எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை.

ஒருவரும் கூச்சப்படவில்லை. வெங்காய விலைக்கு வாய் திறக்காத சனம், பாதைக்கு வாய் நிறையக் கதைத்தது. பெண்கள் அடித்தார்கள், பள்ளிக்கூட அதிபர் அடித்தார், ஓர் ஐயர் செத்தவீட்டுச் சவுண்டிக்குப் போக வழி கேட்டார். மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். வியாபாரத்தில்தான் கடமைப்படக்கூடாது, பாதை கேட்பதில் யாருக்கு என்ன கடமை என்றாராம் ஒருவர். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் தலையிடி. இந்த அழைப்புகளை எந்த இலக்கத்தில் போடுவது? பாதைக்கு யாரும் சந்தா கட்டவில்லையே. சந்தாக்காரர் மூவரையும் கூப்பிட்டு, நிறுத்திவிடவா என்று கேட்டேன். பூச்சிமருந்துக் கடைக்காரர் கூரையைப் பார்த்தார். கந்தப்பு, ஒன்றாம் இலக்கம் இப்போது மருமகனுடையது என்றார். செல்லையா பாஸ்தான் எழும்பினார். "எட்டிலை போடுங்கோ. எட்டெண்டால் கஷ்டத்துக்கெண்டு ஊருக்கே தெரியும். என்னாலை ஏலாமல் போனால் சொல்லுறன்."

அவர் சொல்லவில்லை. மார்கழி முடிவில் கந்தப்பு ஒரு தலைச்சுமை வெங்காயத்தை அவர் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனதாகப் புவனம் சொன்னாள்.

ஞாயிறு மூன்று மணி

பொங்கல் முடிந்தது. அந்த ஞாயிறு வந்தது. காலையில் சவரம் செய்துவிட்டுச் சூட்கேசை இறக்கித் தூசி தட்டினேன், பிறகு திரும்ப மேலே ஏற்றினேன். எடுப்பதா விடுவதா என்று எனக்கே தெரியவில்லை. மகளுக்கு அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை. ஒரு தகப்பன் வீட்டில் இருக்க வேண்டிய வருடம். மணி அடிக்கும்போது கை தானாகப் போகிறதா என்று பார்ப்பது என்று தீர்மானித்தேன். அதைத் தீர்மானம் என்று சொல்லலாமானால்.

பொங்கல் லீவென்றும் பாராமல் புவனம் வந்திருந்தாள். பன்னிரண்டு ஊருக்கும் சொல்லிவிட்டாளாம்: இன்றைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை வரைக்கும் வெங்காயமும் வேண்டாம், மழையும் வேண்டாம், பாதையும் வேண்டாம், அண்ணைக்கு லண்டனிலிருந்து கோல். ஊர் கட்டுப்பட்டது. இரண்டரைக்குப் பிறகு ரெலிபோன் அசையவில்லை. நான் கதிரையில் இருந்தேன். அவள் யன்னலோரம் நின்றாள். கீழே சந்தை பூட்டியிருந்தது.

மூன்றுக்கு ஏழு நிமிடம் இருக்க மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நிற்கவில்லை. மலர் நேரத்துக்கு முன்னே அடிக்கிறவள் அல்ல. புவனம் எடுத்தாள். ஆறுமுகத்தார். அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். ஒருநாளும் அடிக்காதவருக்கு யார் சொல்லுவார்கள்? திங்கட்கிழமையிலிருந்து வட்டுக்கோட்டைப் பாதையை அடைக்கப் போகிறார்களாம். அவருடைய வெங்காயம் முழுக்கப் பிடி கட்டி மால் கொட்டிலுக்குள் தொங்குகிறது. இன்றைக்கே லொறி வரவேண்டும். சைக்கிளில் வந்து திரும்பினால் பொழுதுபட்டுவிடும். ஒன்றாம் இலக்கத்தைக் கேட்டார். மாமனாரோ மருமகனோ என்று புவனம் பழக்கத்தில் கேட்டாள். மாமனார். அவள் இரண்டாவது போனில் கந்தப்பு வீட்டுக்கு அடித்து, ரிசீவர் இரண்டையும் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் இருவரும் மணிக்கூட்டைப் பார்த்தோம். மூன்றுக்கு நாலு நிமிடம். லொறி அனுப்பு, சரி, என்று இரண்டு சொல்லில் முடிய வேண்டிய கதை.

முடியவில்லை. ரியூப் நாடாவின் இடுக்கால் அவர்கள் குரல் கொசுச் சத்தமாகக் கசிந்தது. அவசரத்தில் அடித்திருக்கிறார் என்று கண்டுகொண்ட கந்தப்பு விலையைக் குறைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஒரு வருடத்துக்கு முன்னே வெயிலில் சைக்கிளை விட்டு இறங்கி நின்று எனக்கு நியாயம் சொன்ன மனிதர், அடுத்தவன் காசில் முதல் தரம் கதைக்கிறார். இப்போது என்ன சொல்லப் போகிறார்? ஒரு தரம் செருமினார். பிறகு தொடங்கினார். போன வருடத்து விலையைச் சொன்னார், கொழும்பு விலையைச் சொன்னார், கந்தப்புவின் தகப்பன் தராசு பிடித்த விதத்தைச் சொன்னார். "உம்மடை காசிலை கதைக்கிறன் எண்டதுக்காக விலையை விடுவன் எண்டு நினையாதையும், முதலாளி. நீர் குறைக்கக் குறைக்க நான் கதைச்சுக்கொண்டுதான் இருப்பன்."

மணிக்கூட்டில் மூன்று. லண்டனில் மலர் இப்போது கடைசி இலக்கத்தைச் சுற்றியிருப்பாள். அவளுக்குக் கேட்பது எங்கேஜ் சத்தம். எடுத்தால் ஒன்று, எடுக்காவிட்டால் இன்னொன்று என்று எல்லாம் பேசி வைத்த நாங்கள், இதற்கு அர்த்தம் வைக்கவில்லை. புவனம் வந்து ரியூப் நாடாவுக்குக் கீழே ஒரு விரலை நுழைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவிழ்க்கட்டோ, அண்ணை? அக்கா ஒருக்காத்தான் அடிப்பா."

ஆறுமுகத்தார் கந்தப்புவின் தகப்பனை விட்டுப் பாட்டனிடம் போயிருந்தார். பெரியையா சொன்ன சொல் "நீட்டுவான்" என்பதுதான் என்று எனக்கு அப்போது சந்தேகமில்லாமல் நினைவு வந்தது. வேண்டாம் என்றேன். அன்று பின்னேரமே மலருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். திங்கட்கிழமை காலையில் லாச்சியைத் திறந்து, மூன்றாவது இணைப்புக்கான படிவத்தில், மூன்று வருடம் என்றிருந்த இடத்தில் கையெழுத்து வைத்தேன்.